இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு

ஜாசின் கடைத்தெருவைத் தாண்டி நான் நடந்துகொண்டிருந்தபோது என் தோளில் ஒரு சர்வர் கணினி இருந்தது. அரிசிச் சாக்கில் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தேன். நான் அதுவரை வேலை பார்த்த கணினிக் கடை முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

சண்டை ஒன்றுமில்லை. கணினி பழுதுபார்க்கும் கடை மெல்ல மெல்லக் கைப்பேசி உறை விற்கும் கடையாகிவிட்டது. உறை விற்றுக்கொண்டு உட்கார என்னால் முடியாது. அந்த வாரம் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட சர்வர் ஒன்று கடைக்கு வந்தது. முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்.

"நான் எடுத்துக்கிறேன் பாஸ். அப்படியே நானும் கெளம்புறேன்" என்றேன்.

"எடுத்துட்டுப் போ மணியம். ரெண்டு பேருமே பழைய மாடல்தான். ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருங்க" என்று சிரித்தார்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை சுமந்து பழகிய தோளுக்கு அந்தப் பெட்டி பெரிய பாரமில்லை. நான் தோட்டத்தில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். குலை சுமந்தேன், லோரியில் ஏறினேன், கட்டடங்களில் காவல் நின்றேன், கூரைக்குள் தவழ்ந்து கேபிள் இழுத்தேன். எந்த வேலையிலும் நிலைத்து இருந்ததில்லை. பசித்த நாள்களும் உண்டு. அதையெல்லாம் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

பேருந்து ஓட்டுநர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். "அண்ணே, யாரு வீட்டு ஐஸ்பெட்டியத் தூக்கிட்டு வர்றீங்க?"

"ஐஸ்பெட்டி இல்ல தம்பி. இதுக்குள்ள ஊரையே வைக்கலாம்."

"அப்ப ஊர எறக்கி வச்சிட்டு ஏறுங்க லா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அப்படித்தான் அந்தப் பெட்டி மலாக்காவில் பேருந்து மாறி, பாயா ரும்புட்டில் நான் வாடகைக்கு இருந்த பின்னறைக்கு வந்து சேர்ந்தது.

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் இப்போது வீட்டில் சும்மா இருக்கும் ஒரு பெட்டியைக் கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்குக் கொடுக்க வந்திருக்கிறீர்கள். எதை எப்படி நிறுவுவது என்பதை என்னைவிடத் தெளிவாகச் சொல்லித்தர இங்கே ஆள்கள் இருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற கிழவன். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்ட பிறகு, வானம் இடிந்து விழுவதுபோல் இருக்கும் ஒரு பிற்பகலில் என்ன செய்வது என்பது.

முதலில் நான் ஏன் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து சரியாக வராது. படிப்பேன், ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். கடையில் இருந்த காலத்தில், நாம் பேசினால் அதைத் தமிழில் எழுதித் தரும் ஒரு நிரல் கிடைத்தது. யாருக்கும் சொந்தமில்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் திருத்தலாம். பல ஊர்களில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் ஆரம்பத்தில் அதற்கு என் பேச்சு புரியவில்லை. நான் சந்தையைப் பாசார் என்பேன், குடியிருப்பைத் தாமான் என்பேன், வாக்கியத்துக்கு ஒரு லா போடுவேன். அது திணறும். பிறகு செரம்பானில் இருந்த ஒரு பெண் வார இறுதிகளில் தோட்டம் தோட்டமாகவும் கடை கடையாகவும் போய் நம் மக்கள் பேசுவதைப் பதிவு செய்து அந்த நிரலுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். சில மாதம் கழித்து ஒருநாள் நான் பேசினேன். திரையில் நான் பேசியது அப்படியே வந்தது, லா உட்பட! கடையில் எழுந்து நின்று கைதட்டினேன். வாடிக்கையாளர் ஒருவர் பயந்து வெளியே போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே சொல்லவில்லை. அவளுக்குப் பிடிக்காது. அவள் என் மகள் வயதுதான். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளிடம் கற்றதுதான்.

பாயா ரும்புட்டில் பெட்டியை ஓடவிட்டதும், அந்த நிரலிடம் பேசி எழுதவைத்துக் குழுவுக்கு ஒரு செய்தி போட்டேன். "என்னிடம் இடம் நிறைய இருக்கிறது. பெட்டி எந்நேரமும் ஓடும்." எழுதியபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தோட்டத்துப் பையன் ஒருவன் உலகத்துக்குக் கொடுக்கிறான்! இரவெல்லாம் அதன் விசிறிச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தேன். எனக்கு அது தாலாட்டு மாதிரி.

ஒரு வாரம் போயிருக்கும். அவளிடமிருந்து செய்தி வந்தது.

"அங்கிள், ஒங்க மெஷினுக்கு தெனமும் மத்தியானம் தூக்கம் வருமா? பாதி வேலைல காணாம போயிடுது."

எனக்குப் புரியவில்லை. நான் அப்போது பகலில் வேலை தேடி வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் வீட்டிலேயே இருந்தேன். மதியம் தாண்டியதும் மேற்கே கறுத்தது. தூரத்தில் ஓர் இடி உருண்டது. உடனே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல்: "ஜமீலா! பிளக்!" எதிர் வீட்டில் தொலைக்காட்சி நின்றது. அடுத்த வீட்டில் மின்விசிறி நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் ஜமீலா அக்கா கையில் கரண்டியோடு என் அறைக்குள் வந்தார். குனிந்தார், என் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார், போய்விட்டார்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு. அம்மா அப்பா என்று சொல்லப் பழகும்போதே இதையும் பழகிவிடுகிறோம். மின்னல் விழுந்து மோடம் எரியாத வீடு நம் தாமான்களில் எத்தனை இருக்கும்? ஜமீலா அக்கா ஒரே மின்னலில் தொலைக்காட்சி, ஐஸ்பெட்டி, மோடம் மூன்றையும் பறிகொடுத்தவர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் சிறு வயதில் ஆயிரம் தடவை பிடுங்கியவன்தானே! உலகத்துக்கு வாக்குக் கொடுத்தபோது மட்டும் அது எனக்கு நினைவில்லாமல் போயிற்று.

செரம்பான் பெண்ணுக்கு உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அட, இவ்ளோதானா அங்கிள்? மழைக்கு நிக்கும்னு முன்னயே சொல்லிருந்தா காலைல வேல வச்சிருப்போம்ல. மெஷின் நிக்கிறது பிரச்சனையே இல்ல. எப்ப நிக்கும்னு தெரியாததுதான் பிரச்சன."

அந்தச் செய்தியை இன்றும் வைத்திருக்கிறேன். உங்களிடம் இருப்பது குறைவாக இருந்தால் குறை ஒன்றுமில்லை. உள்ளதைச் சொல்லுங்கள். எந்நேரமும் என்று எழுதிவிடாதீர்கள்.

அதன்பின் சில வாரம் நன்றாகப் போனது. பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. குழுவுக்கு இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்து வந்த ஒரு நிறுவனம் அந்தச் சேவையையே மூடப்போவதாக அறிவித்தது. குறை சொல்ல முடியாது, அவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். நிரலைக் காப்பாற்றுவது எளிதாக இருந்தது. அது சிறியது, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். குரல் பதிவுகள்தான் மலைபோல் இருந்தன. அவ்வளவையும் வைக்க இடம் யாரிடம் இருக்கிறது?

என்னிடம் இருந்தது. பழைய இரும்புக்குப் போகவிருந்த பெட்டியில்!

பதிவுகள் நாடு வாரியாக என் பெட்டிக்கு இறங்க ஆரம்பித்தன. அந்தப் பக்கம் வேகம் குறைவு. இந்தப் பக்கம் தினமும் பிற்பகலில் இடி, கரண்டி, பிளக். இப்படியே இழுத்து இழுத்துக் கடைசி நாள் வந்துவிட்டது. அன்று மாலையோடு அவர்கள் மூடுகிறார்கள். இறங்காமல் மிச்சம் இருந்தவை மலேசியக் குரல்கள். செம்பனைத் தோட்டத்தில் பேசியவர்கள், ஜாசின் பாசாரில் மீன் விற்கிறவர்கள், கிளேபாங்கில் சாலையோரம் ஒட்டுக்கடை போட்டிருப்பவர்கள், எல்லாரும். அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. அவை போனால் அந்த நிரல் மறுபடி என்னைப் போன்றவன் பேச்சைக் கேட்டுத் திணறும். அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும்.

காலையிலிருந்து திரைமுன் இருந்தேன். பாதிக்குமேல் இறங்கிவிட்டது. மதியம் தாண்டியதும் வழக்கம்போல் மேற்கே கறுத்தது. வழக்கத்தைவிட அதிகமாகவே கறுத்தது. முதல் இடி உருளவில்லை, வெடித்தது.

"ஜமீலா! பிளக்!"

ஜமீலா அக்கா வந்தார். நான் பிளக்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"நவுரு தம்பி."

"அக்கா, இன்னிக்கி ஒருநாள். சாயந்தரம் வரைக்கும் மட்டும்."

"மின்னலுக்கு ஒன்னோட ஒருநாள் தெரியுமா? நவுருன்னா."

"அக்கா, நம்ம ஊரு சனங்க பேசுனது பூரா இப்ப எறங்கிக்கிட்டிருக்கு. நின்னுச்சுன்னா போச்சு. நீங்க கடையில பேசுனதும் இதுலதான் இருக்கு."

ஜமீலா அக்காவுக்குக் கிளேபாங் கடற்கரைச் சாலையில் ஓர் ஒட்டுக்கடை. மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸும் தேத்தண்ணியும் விற்பார். செரம்பான் பெண் அவரிடமும் போய்ப் பதிவு செய்திருந்தாள்.

அக்கா கண்ணை உருட்டினார். "நான் பேசுனதா? அந்தப் பக்கத்துக் கடை நாசி லெமாக்காரியத் திட்டுனனே, அதுவா?"

"அதுந்தான்."

"அது போகட்டும் லா! நல்லதாப் போச்சு!"

அடுத்த இடி வீட்டுக் கதவை ஆட்டியது. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். "தம்பி, இது என் வீடு. ஒன் பெட்டி எரிஞ்சா நீ இன்னொன்னு தூக்கிட்டு வருவ. என் வீடு எரிஞ்சா நான் எங்க போவேன்?"

தம்பி தங்கைகளே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். அந்த நேரத்தில் தலைக்குள் நூறு பேர் கத்துவார்கள். இன்னும் கொஞ்சம்தான், விடாதே, ஒன்றும் ஆகாது என்பார்கள். நான் பார்த்தது இரண்டே விஷயம். ஒன்று, அந்த வீடு என்னுடையது இல்லை. நான் தர்மம் செய்வதற்கு இன்னொருவர் கூரையைப் பணயம் வைக்க எனக்கு உரிமை கிடையாது. இரண்டு, பாதிக்குமேல் ஏற்கெனவே என் பெட்டிக்குள் வந்துவிட்டது. வராததைப் பிடிக்கப் போய் மின்னல் அடித்தால் வந்ததும் கருகிவிடும். கைக்கு வந்ததைக் காப்பதுதான் முதல் வேலை.

குழுவுக்கு எழுதினேன்: "இடி. நிறுத்துகிறேன். மன்னிக்கவும்."

உடனே பதில் வந்தது: "சரி அங்கிள்." அந்தச் 'சரி'யை எழுத அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

பெட்டியை முறையாக அணைத்தேன். பிளக்கை நானே பிடுங்கினேன். அறையில் விசிறிச் சத்தம் நின்றது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவுக்கும் மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வெளியே மழை கொட்டியது. சன்னலில் நின்று தன் வேனைப் பார்த்தபடி முனகினார். "இன்னிக்கிக் கடையும் போச்சு. காலைல வெங்காயம் வெட்டுனது வேஸ்ட்டு. பேட்டரிய சார்ஜ் போட்டு ஏத்துனதும் வேஸ்ட்டு."

வாய்க்குப் போன குவளை அப்படியே நின்றது.

"அக்கா, என்ன பேட்டரி?"

"கடை லைட்டுக்குத்தான். கிளேபாங்ல எனக்கு யாரு கரண்டு குடுக்குறா? லோரி பேட்டரியும் அந்த இன்வெர்ட்டர் டப்பாவும் வேன்லதான கெடக்கு."

நான் எழுந்த வேகத்தில் தேத்தண்ணி கவிழ்ந்தது.

"டேய், பாயி நனையுது!"

"அக்கா! வேன் சாவி!"

இடி வந்தால் சுவரை விட்டு விலகியிருக்க வேண்டும். அவ்வளவுதானே! பெட்டி ஓடக் கூடாது என்று யார் சொன்னது? சுவரில் வயர் இல்லை என்றால் மின்னல் எந்த வழியாக உள்ளே வரும்? இணையம் வரும் ஃபைபர் கண்ணாடி இழை. நான் கூரைக்குள் தவழ்ந்து எத்தனையோ இழுத்திருக்கிறேன். மின்னல் அதில் ஓடாது. பெட்டிக்கும் ஃபைபர் டப்பாவுக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துவிட்டால் போதும்!

மழையில் ஓடினேன். அக்கா குடையோடு பின்னால் ஓடிவந்தார். குடையை என் தலைக்குப் பிடிக்கவில்லை, பேட்டரிக்குப் பிடித்தார். "நீ நனைஞ்சா காய்ஞ்சிருவ, இது நனைஞ்சா என் பொழப்பு போயிரும்" என்றார். குலை சுமந்த தோள் மறுபடி வேலைக்கு வந்தது. பேட்டரியை அறை நடுவில் வைத்து, இன்வெர்ட்டரை மாட்டி, பெட்டியைச் சுவரை விட்டு இழுத்து, ஃபைபர் டப்பாவையும் அதிலேயே இணைத்தேன். சுவரில் எங்கள் வயர் ஒன்றுகூட இல்லை. அக்கா கரண்டியை நீட்டி நீட்டி ஒவ்வொரு வயரையும் சோதித்தார்.

"செவுத்துல ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லக்கா."

"அப்ப என்னமோ பண்ணிக்க. பிளக்கத்தான் பிடுங்கச் சொன்னேன். பெட்டிய நிறுத்துன்னு நானா சொன்னேன்?"

பெட்டி முனகியது. விசிறி சுற்றியது. விட்ட இடத்திலிருந்து பதிவுகள் மறுபடி இறங்க ஆரம்பித்தன. குழுவில் எழுதினேன்: "வந்துவிட்டேன்."

அவள் எழுதவில்லை, அழைத்தாள். "அங்கிள்! எப்டி? அங்க மழ நின்னுருச்சா?"

அந்த நேரம் பார்த்து வானம் பிளந்தது. சன்னல் வெள்ளையானது. தாமான் முழுக்க மின்சாரம் போயிற்று. எதிர் வீட்டில் யாரோ "யா அல்லா" என்றார்கள். இருட்டிய அறையில் என் பெட்டியின் பச்சை விளக்குகள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. இறங்குவது நிற்கவில்லை!

"இது என்ன சத்தம் அங்கிள்?"

"மழ நிக்கலம்மா. நாங்கதான் நிக்காம ஓடுறோம்!"

அவள் அந்தப் பக்கம் கத்திய கத்தலை அந்த நிரல் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருக்குமோ தெரியாது.

மாலை நெருங்கியபோது இன்வெர்ட்டர் கீச்சிட்டது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வேனைப் பார்த்தார். "எஞ்சின் பேட்டரியையும் கேக்கப்போற, அதான?" என்றார்.

"மிச்சம் கொஞ்சந்தான் அக்கா."

"சம்பளம் இல்லாத வேலைக்கு இந்த ஓட்டம் ஓடுற. சம்பளம் குடுத்தா எங்க போயி நிப்பன்னு தெரியல." திட்டிக்கொண்டே வேன் முன்மூடியைத் திறந்துவிட்டார்.

பேட்டரி மாற்றும் நேரம் பெட்டி ஒருமுறை நின்று மறுபடி எழுந்தது. பிறகு நாங்கள் இருவரும் திரைமுன் உட்கார்ந்து பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தோம். "இது யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்த பெயர் வந்தால், "இவனா? இவன் வாயத் தொறந்தா மூட மாட்டானே, எடம் பத்துமா?" என்பார். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டபோது கடைசிப் பதிவு வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து வாசல் மூடியது.

செரம்பான் பெண் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பேட்டரி மாற்றிய நேரத்துப் பதிவுகள் இரண்டு மூன்று உடைந்திருந்தன. அவற்றை மறுபடி போய் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். மற்றதெல்லாம் முழுசாக இருந்தது. நாசி லெமாக்காரியைத் திட்டியது ஒரு சொல் குறையாமல் வந்திருந்தது. அதை அக்காவுக்கே போட்டுக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் திட்டியிருக்கேன்" என்றார்.

மறுநாள் காலை வானம் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. முந்தின நாள் போன வியாபாரத்தைப் பிடிக்கக் காலையிலேயே கடை போட அக்கா வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினார். டக் என்றது. மறுபடி டக். எஞ்சின் பேட்டரியை நான் பூராவும் குடித்திருந்தேன்.

சன்னல் வழியே தலையை நீட்டினார். "பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா."

"நீதான குடிச்ச? நீயே தள்ளு."

தள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கைகொடுத்தார். தாமான் சாலைச் சரிவில் வேன் இருமிக்கொண்டு கிளம்பியது. அக்கா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. ஓடுகிற வேனிலிருந்தே கத்தினார். "ஏறு லா! அங்கயும் தள்ள ஆள் வேணும். தண்ணி கலக்குறவன் நின்னுட்டான், ஒரு வாரமா நானேதான் கலக்குறேன்!"

தேத்தண்ணியும் காப்பியும் கலக்கிக் கொடுப்பவரைத்தான் நாம் தண்ணி கலக்குகிறவர் என்போம். அதுவரை நான் செய்யாத வேலை அது. ஓடிப்போய்க் கதவைப் பிடித்து ஏறினேன்.

"சம்பளம் என்னன்னு கேக்க மாட்டியா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு அக்கா. மழ நாள்ல பேட்டரி எனக்கு."

அக்கா கியரை மாற்றினார். "மழ நாள்ல கடை ஏது? எடுத்துக்க."

அன்று காலை கிளேபாங்கில் முதல் தேத்தண்ணியைக் கலக்கினேன். பாயா ரும்புட்டில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.